வேண்டாம் என்றொரு பொத்தான்

செஞ்சி
8-8-2024

அன்புள்ள மணிமொழிக்கு,

உன் அண்ணி ரஞ்சிதம் எழுதுகிறேன். இங்கே எனக்கு ஒன்றும் குறைவில்லை. உன் அண்ணனும் சாப்பிடுகிறார், தூங்குகிறார். புனேயில் விடாத மழை என்று டிவியில் காட்டினான். குடை எடுத்துப் போகிறாயா, இல்லை வழக்கம்போல் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடுகிறாயா?

அண்ணி கடிதம் போட்டிருக்கிறாளே என்று பயந்துவிடாதே. போனில் பேசினால் அவர் காதில் விழும். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், அந்தப் போன் ஜெராக்ஸ் எடுக்க வருகிற அத்தனை பேர் கையிலும் புரள்கிறது. அதனால்தான் கடிதம். நீயும் கடை விலாசத்துக்கே பதில் போடு.

விஷயம் நம் டைப்பிங் கடை கம்ப்யூட்டர். நீ கம்ப்யூட்டருக்குள் ஏதோ செய்கிற வேலையில்தானே இருக்கிறாய், உன்னைத்தான் கேட்க வேண்டும். இரண்டு மாதமாக அது 'அப்டேட் செய்யட்டுமா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது. 'இப்போது', 'பிறகு' என்று இரண்டு பொத்தான் கொடுத்திருந்தார்கள். வேண்டாம் என்று ஒன்று இல்லை. நானும் தினமும் 'பிறகு' என்பதை அழுத்திக்கொண்டிருந்தேன். ஜூலை முப்பதாம் தேதி காலையில் அதுவே முடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

திரையில் அண்ணன் வைத்திருந்த படம் உனக்கு ஞாபகம் இருக்கும். நம் செஞ்சியின் கிருஷ்ணகிரிக் கோட்டை மேல் நின்றுகொண்டு எதிரே ராஜகிரி மலையைப் பார்த்து அவரே எடுத்தது. அந்தப் படத்தின் மேல்தான் எல்லா ஃபைலையும் வைத்திருந்தார். வலது பக்கம் மேல்மலையனூர், அவலூர்பேட்டை ஆட்கள். இடது பக்கம் பனமலை ஆட்கள். கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலைச் சுற்றிக் கல்யாணப் பத்திரிகைகள். நெற்களஞ்சியத்தின் மேல் பயிர்க்காப்பீட்டு மனுக்கள். யாராவது வந்து ஊர் பேரைச் சொன்னால் போதும், மவுஸ் நேராக அங்கே போய் நிற்கும்.

இப்போது அந்த மலை இல்லை. ஏதோ பனிமலை வந்திருக்கிறது, மறுநாள் ஒரு வெளிநாட்டுப் பறவை வந்தது. ஃபைல் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளி ஓரமாக ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறது. அவர் பார்த்துவிட்டு, "இன்னாடி இது? என் மலை எங்க? எவன் கை வச்சான்?" என்று கேட்டார். பத்து நிமிஷம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனவர்தான். இன்றைக்கு ஒன்பது நாள் ஆகிறது. கடைப்பக்கம் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

எனக்கு இதைப் பார்க்க முடியவில்லை மணி. பழையபடி ஆக்க வழி இருந்தால் சொல். நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம்.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கப்போகும்,
ரஞ்சிதம்


புனே
19-8-2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம். குடை வாங்கினேன், ஆபீஸ் பஸ்ஸில் தொலைத்தேன், துப்பட்டாதான் நிலையான துணை. நீங்களும் அண்ணனும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் அண்ணனுக்கு வந்த தலைசுற்றல் மறுபடி வரவில்லையே? பிரஷர் மாத்திரையை விடாமல் போடச் சொல்லுங்கள்.

ஒரு திரை மாறியதற்கு ஒன்பது நாள் படுக்கையா? சின்ன வயதில் அம்மா பாய் போடுகிற இடத்தை மாற்றினாலே அண்ணன் சாப்பிட மாட்டேன் என்பார், ஞாபகம் வருகிறது. சிரித்துவிட்டேன், மன்னியுங்கள்.

இது ரொம்பச் சுலபம் அண்ணி. திரைக்குக் கீழே ஒரு தேடல் பெட்டி இருக்கும். அதில் ஆள் பேரைத் தட்டினால் ஃபைல் தானாக வந்து நிற்கும். எது எங்கே இருக்கிறது என்று மனதில் வைத்துக்கொள்ளவே வேண்டியதில்லை. அதற்காகத்தான் இப்படி மாற்றியிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் திரையில் எதையும் இடம் பார்த்து வைப்பதில்லை. வருகிற இடத்தில் போட்டுவிட்டுப் பிறகு தேடுகிறார்கள். அவர்களுக்கு இது பெரிய உதவி.

அண்ணன் டைப்பிங் ஹையரில் மாவட்டத்திலேயே முதலாக வந்தவர். அவரைப்போல வேகமாகப் படிக்கிற ஆளை நான் பார்த்ததில்லை. இரண்டு நாளில் பழகிவிடுவார். கொஞ்சம் மிரட்டி உட்கார வையுங்கள்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்ல முடியாது, ஆனாலும் மனதில் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்
மணிமொழி


செஞ்சி
2-9-2024

அன்புள்ள மணிக்கு,

கடிதம் கிடைத்தது. தலைசுற்றல் வரவில்லை. எனக்குத்தான் முழங்கால் பிடிப்பு, அது கிடக்கட்டும்.

நீ சொன்ன பெட்டியில் தட்டிப் பார்த்தேன். 'பச்சமுத்து' என்று போட்டால் ஒன்றும் இல்லை என்கிறது. ஏன் என்று பார்த்தால், உன் அண்ணன் எந்த ஃபைலுக்கும் பேரே வைக்கவில்லை! எல்லாம் 'பெயரில்லாதது 1', 'பெயரில்லாதது 2' என்று அது தானாகப் போட்ட பேர்தான். பன்னிரண்டு வருஷமாக இதுதான் வழக்கமாம். டைப் அடித்து, படத்தில் இடம் பார்த்து வைத்துவிட்டால் அவருக்கு வேலை முடிந்தது. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "கண்ணெதிர வச்சிருக்கிற சாமானுக்குப் பேரு எதுக்குடி?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

போன வாரம் பனமலை பச்சமுத்து வந்தார். ஏரிக்கரைப் பக்கம் நிலம், அவர் அண்ணன் இறந்ததற்கு வாரிசுச் சான்று கேட்டுப் போட்ட மனு நம்மிடம்தான் இருக்கிறது. தாலுகா ஆபீசில் அன்றைக்குள் ஒரு நகல் கேட்டிருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றாகத் திறந்து படித்துப் பார்த்து மூடினேன். இரண்டு மணி நேரம். கிடைத்தபோது ஆபீசர் ஜீப் ஏறிப் போய்விட்டார். பச்சமுத்து கோபப்படவில்லை. "நம்ம அண்ணன் கடையில இருந்தா ஒரு நிமிசம். அண்ணனுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?" என்று மட்டும் கேட்டார். அவரே வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டும் பார்த்திருக்கிறார். உன் அண்ணன் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டாராம்.

இனிமேல் பேர் வைக்கலாமே என்பாய். வைக்கலாம். ஆனால் தேடிப் பார்ப்பதெல்லாம் அவருக்கு ஒத்துவராது மணி. ஏன் என்று கேட்காதே. படத்தையும், வைத்த இடத்தில் வைத்தது இருப்பதையும் திரும்பக் கொண்டுவர வழி சொல்.

ரஞ்சிதம்


புனே
25-9-2024

அன்புள்ள அண்ணிக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஆபீசில் வேலை அதிகம். நலமாக இருக்கிறேன்.

படத்தை மட்டும் திரும்ப வைக்கலாம், எப்படி என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். ஆனால் அதன் மேல் ஃபைலை இஷ்டப்பட்ட இடத்தில் வைக்கும் வசதி எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திருப்பி வாங்க முடியாது. பழைய பதிப்புக்குப் போவதற்குக் கொடுத்த பத்து நாள் அவகாசமும் முடிந்துவிட்டது.

பச்சமுத்து விஷயம் வருத்தமாக இருந்தது. நிஜமாகவே.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா, சாப்டியா" என்று மூன்று வார்த்தை. வைத்துவிட்டார். அதனால் புதுத் திரையை எப்படிப் பழகுவது என்று பெரிய எழுத்தில் ஒரு நீளமான மெயில் அனுப்பினேன். அதற்கும் பதில் இல்லை. எதற்கும் பதில் போடாமல் விடுகிற ஆள் இல்லையே அவர்? என் மேல் ஏதாவது கோபமா அண்ணி? அவர் எதையாவது தெரிந்துகொண்டாரா?

மணிமொழி


செஞ்சி
6-10-2024

அன்புள்ள மணிக்கு,

உடம்புக்கு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டு எழுதுகிற நிலையில் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

உன் மெயிலுக்கு அவர் பதில் போடாததற்குக் காரணம், அவரால் அதைப் படிக்க முடியாது. உன் அண்ணனுக்குப் படிக்க வராது மணி. சித்திரையில் வந்தது தலைசுற்றல் இல்லை. மூளையில் ஒரு சின்ன நரம்பு அடைத்துக்கொண்டது. கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது. எழுத்து மட்டும் போய்விட்டது. காலையில் பேப்பரைப் பிரித்தவர் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். "அச்சு சரியா வுழலடி" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. புதுக் கண்ணாடி இரண்டு தடவை போட்டோம். பிறகுதான் புதுச்சேரிக்குக் கூட்டிப் போனேன். எழுத்தை அடையாளம் காண்கிற இடத்தில் அடைப்பு, திரும்ப வருமா என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

இதில் ஒரு வேடிக்கை. எழுத வருகிறது. கண்ணை மூடிக்கொண்டுகூட எழுதுவார். டைப் அடிக்க வருகிறது, விரல் மறக்கவில்லை. எழுதி முடித்ததைக் காட்டி 'இது என்ன?' என்றால் தெரியாது. தன் பேரை எழுதிவிட்டு அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு நாள். அன்றைக்கு நான் அழுதேன்.

யாருக்கும் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். "படிக்கத் தெரியாதவன் டைப்பிங் கடை வச்சிருக்கான்னு ஊரு சிரிக்கும். மணிக்கும் சொல்லாத" என்றார். மூன்று மாதம் ஒருவருக்கும் தெரியவில்லை. அந்த மலைப் படம்தான் அவரைக் காப்பாற்றியது. ஊர் பேரைச் சொன்னால் மவுஸ் போய் நிற்கும். அவர் திறந்து கொடுப்பார், பிரிண்ட் எடுக்கும் முன் நான் ஒரு தடவை படித்துப் பார்ப்பேன். அவர் கடை முதலாளியாகவே இருந்தார். அந்தப் படத்தை எடுத்ததும் அவர் எழுத்து தெரியாதவர் ஆகிவிட்டார். இப்போது புரிகிறதா, ஏன் தேடல் பெட்டி வேண்டாம் என்றேன் என்று?

நான் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்பதும் இப்போது புரியும். இதை எழுதும்போது அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருக்கிறார். "யாருக்குடி எழுதுற?" என்றார். "எங்க அக்காவுக்கு" என்றேன். கட்டின நாளிலிருந்து அவரிடம் மறைத்து நான் எதையும் செய்ததில்லை. இப்போது அவர் கண்ணெதிரே செய்கிறேன்.

சத்தியத்தை மீறிவிட்டேன். உனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாதே.

ரஞ்சிதம்


செஞ்சி
4-11-2024

அன்புள்ள மணிக்கு,

நீ நலமா? ஒரு மாதமாகிறது, பதில் இல்லை. தீபாவளிக்கும் வரவில்லை. கடிதம் கிடைத்ததா என்றாவது ஒரு வரி எழுது. நாங்கள் மறைத்தது உனக்குக் கோபமாக இருந்தால் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். பேசாமல் இருக்காதே.

அதிரசம் செய்தேன், பாகு முறுகிவிட்டது. உன் அண்ணன் அதையும் தின்றார். நேற்று, "மணி இன்னா, போனே பண்ணல?" என்று கேட்டார். அமாவாசைக்கு மேல்மலையனூர் போய் அங்காளம்மனைப் பார்த்துவிட்டு வரலாம், ஸ்பெஷல் பஸ் விட்டிருக்கிறான் என்றேன். பஸ்ஸில் போர்டு படிக்கச் சொல்லி யாராவது கேட்பார்கள் என்று வரவில்லை.

ரஞ்சிதம்


புனே
18-11-2024

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டுமே கிடைத்தன. உங்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. உங்களுக்கு என் மேல் வரப்போகிறது.

நீங்கள் முதல் கடிதத்தில் 'எவன் கை வச்சான்' என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நான்தான் அண்ணி.

கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற சிஸ்டம் எங்கள் கம்பெனி செய்வது. வேறு பேரில் விற்பதால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதன் முகப்புத் திரை எங்கள் குழுவின் வேலை. யார் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிப் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. தொண்ணூற்றேழு பேர் என்று உங்களுக்கு எழுதினேனே, அது நான் எண்ணியது. மீட்டிங்கில் படம் போட்டுக் காட்டினேன். மீதி மூன்று பேர் என்ன செய்வார்கள் என்று ஒருத்தர் கேட்டார். பழகிக்கொள்வார்கள் என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். வேண்டாம் என்று பொத்தான் வைக்காததும் எங்கள் குழுதான். வைத்தால் எல்லோரும் அதையே அழுத்துவார்கள் என்று பேசித்தான் எடுத்தோம்.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருந்தது, அதனால் கேலி செய்து எழுதினேன். பிறகு 'எடுக்கப்பட்டுவிட்டது' என்று யாரோ எடுத்த மாதிரி எழுதினேன். அக்டோபர் கடிதத்தைப் படித்த பிறகு பேனாவையே தொட முடியவில்லை. எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவரே அண்ணன்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னாலேயே சிலேட்டில் என் கையைப் பிடித்து 'ம' போட வைத்தார்.

மேலதிகாரியிடம் பேசியிருக்கிறேன். ஒரு ஊரில் ஒரு கடைக்காக மாற்ற முடியாது என்கிறார். விடப்போவதில்லை. அண்ணனிடம் நீங்கள் சொல்ல வேண்டாம். நானே நேரில் வந்து சொல்கிறேன்.

மணிமொழி


செஞ்சி
9-12-2024

மணிக்கு,

நாங்கள் பத்திரம். புயல் மழையில் ஊரே தண்ணீர். நான்கு நாள் கரண்ட் இல்லை. கடைக்குள் தண்ணீர் முதல் படியோடு நின்றது, அங்காளம்மன் புண்ணியம்.

உன் கடிதம் புயலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது. படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. மடித்து அரிசி மாவு டப்பாவில் போட்டு மூடினேன், நீ எழுதினதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எங்கள் கடை, நாங்கள் வாங்கின மிஷின், அவர் வைத்த இடம். ஒரு வார்த்தை கேட்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் வந்து பாத்திரத்தை இடம் மாற்றி வைப்பது எந்த ஊர் வழக்கம்? மூன்று பேர் பழகிக்கொள்வார்களாம். உன்னை நேரில் பார்த்திருந்தால் ஒன்று வைத்திருப்பேன்.

இப்போது கோபம் கொஞ்சம் ஆறியிருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

கரண்ட் இல்லாத இரண்டாம் நாள், செய்வதற்கு ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்துபோய்ப் பழைய காலண்டரைக் கிழித்து வந்தார். பின்பக்கத்தில் பென்சிலால் ராஜகிரியைப் போட்டார். கல்யாண மகாலைப் போட்டார், களஞ்சியத்தைப் போட்டார். புளியங்கொட்டை டப்பாவை எடுத்து வரச் சொன்னார். ஒவ்வொரு கொட்டையாக வைத்துக்கொண்டே, "இது பச்சமுத்து. இது முன்னி மக நிக்கா பத்திரிக்க. இது அவலூர்பேட்டை பவுனம்மா, முதியோர் பென்சன்" என்று சொல்லிக்கொண்டே போனார். கொட்டை வைத்த இடத்தில் நான் நம்பர் போட்டுப் பேர் எழுதிக்கொண்டேன். சாயந்திரம் வரைக்கும் வைத்தார். இருநூற்று முப்பத்தாறு. ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. நான்கு மாதத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தக் காலண்டர் தாளைச் சுருட்டிப் பீரோவில் வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு வா. அந்தத் தாளில் இருக்கிறபடி திரையில் வைத்துக் கொடு. எப்படிச் செய்வாயோ, அது உன் பாடு. வந்து அவரிடம் உன் வாயால் சொல்லிவிட்டுப் போ.

அண்ணி


புனே
2-1-2025

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் திட்டை ஐந்து தடவை படித்தேன். நீங்கள் கேட்டதைத்தான் ஆபீசிலும் கேட்டேன், பாத்திரத்தை இடம் மாற்றுகிற அதே பேச்சை அப்படியே சொன்னேன். முதல் தடவையாக யாரும் சிரிக்கவில்லை.

அடுத்த பதிப்பில் அந்த வசதியைத் திரும்பத் தருகிறார்கள். முழு வெற்றி இல்லை. ஒரு சின்ன சுவிட்ச்தான், அமைப்புகளுக்குள் எங்கோ ஆழத்தில் இருக்கும். தெரிந்தவர்கள் போய்ப் போட்டுக்கொள்ள வேண்டும். எங்கே வைப்பது, எப்படிக் காட்டுவது என்பதை என்னிடம் விட்டிருக்கிறார்கள். வெளிவர ஒரு வருஷம் ஆகும்.

அதுவரை, ஆபீசில் கேட்டு வாங்கின பழைய பதிப்பைக் கடை மிஷினில் புதிதாகப் போட்டுத் தருகிறேன். அதில் நெட் இணைக்கக் கூடாது. பழையதற்குப் பாதுகாப்பு குறைவு, இணைத்தால் ஆபத்து. ஆன்லைன் விண்ணப்பமெல்லாம் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதின்மூன்றாம் தேதி வருகிறேன். அண்ணனிடம் சொல்லிவிடுவேன்.

மணிமொழி


செஞ்சி
27-1-2025

அன்புள்ள மணிக்கு,

சௌக்கியமாகப் போய்ச் சேர்ந்தாயா? முழங்காலுக்கு நீ வாங்கிக் கொடுத்த தைலம் பரவாயில்லை. வாசனைதான் வீடே ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது.

உன் அண்ணன் ஒன்பது மணிக்கெல்லாம் கடையில் இருக்கிறார். நீ ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து உரக்கப் படிக்க, அவர் திரையில் விரல் வைக்க, நீ அங்கே இழுத்து வைத்தாயே, அந்த இரண்டு நாளை நான் மறக்க மாட்டேன். காலண்டர் தாளோடு பார்த்ததில் இரண்டே இரண்டுதான் மாறியிருந்தது. அதிலும் ஒன்று நான் தப்பாக எழுதினது என்று அடித்துச் சொல்கிறார். பச்சமுத்து வந்து வாரிசுச் சான்று கிடைத்துவிட்டது என்று ஒரு சீப்பு வாழைப்பழம் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் நீ சொல்லாமல் போய்விட்டாய். பொங்கல் அன்று வாயைத் திறந்தாய், "சர்க்கரை போதுமா அண்ணா" என்று கேட்டாய். பஸ் ஏறும்போதும் திறந்தாய், மூடிக்கொண்டாய். எல்லாம் சரியான பிறகு எதற்கு என்று நினைத்தாயோ என்னவோ. நானும் சொல்லப்போவதில்லை. அது உன் கடன்.

ரஞ்சிதம்


செஞ்சி
16-2-2025

அன்புத் தங்கை மணிமொழிக்கு,

அண்ணன் நெடுமாறன் எழுதுவது. நான் நலம். உன் அண்ணியும் நலம், இப்போது பிரிண்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். உன் உடம்பையும் பார்த்துக்கொள். இளைத்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுதினதை என்னால் படித்துப் பார்க்க முடியாது. வரி கோணலாகப் போயிருந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருந்தால், பொறுத்துக்கொள். உனக்கு விஷயம் தெரியும் என்பது எனக்குத் தெரியும். பொங்கலுக்கு வந்தபோது ஒவ்வொன்றையும் நான் கேட்பதற்கு முன்னால் நீயே வாய்விட்டுப் படித்தாய். படிக்கத் தெரிந்தவனுக்கு யாரும் அப்படிப் படித்துக் காட்ட மாட்டார்கள். ரஞ்சிதத்தின் அக்காவுக்கும் அத்தனை கடிதம் தேவைப்படாது. அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. தெரியாத மாதிரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரியும். மிஷினைப் போட்டதும் ஒரு சின்னம் வருமே, இரண்டு இலை சேர்ந்த மாதிரி. போன வருஷம் நீ கொண்டுவந்த ஆபீஸ் பையிலும் அதே சின்னம்தான். ரஞ்சிதம் எழுத்தைப் பார்க்கிறவள், கவனித்திருக்க மாட்டாள். எழுத்து போன பிறகு நான் படங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் ஜூலையிலேயே தெரியும். எவன் கை வைத்தான் என்று கேட்டபோதே எனக்கு உன் ஞாபகம்தான். சுவரைப் பார்த்துப் படுத்திருந்ததில் பாதி அதனால்தான். என் தங்கைக்குத் தெரிந்துதான் இது நடந்ததா, தெரியாமல் நடந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தாயே, ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை. அதில் தெரிந்துகொண்டேன்.

வருத்தம் இருந்தது, இப்போது இல்லை. நீ சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. ஒரே ஒரு வேலை மட்டும் செய்து கொடு. ஏதோ சுவிட்ச் வரப்போகிறது, அடுத்த வருஷம் நெட்டையும் போட்டுக்கொள்ளலாம் என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், காதில் விழுந்தது. அதை எழுத்தில் வைக்காதே. எத்தனை பெரிய எழுத்தில் போட்டாலும் என்னைப் போன்றவனுக்குத் தெரியாது. படமாக வை. ஒரு மலை போட்டால் போதும், கண்டுபிடித்துவிடுவேன். வேண்டாம் என்று ஒரு பொத்தானும் வை. அதற்கு என்ன படம் போடுவாய் என்பது எனக்குத் தெரியவில்லை, நீ யோசித்துக்கொள்.

இதை ரஞ்சிதத்திடம் காட்டவில்லை. நீதான் முதலில் படிக்கிறாய். தப்பு இருந்தால் திருத்திக்கொள், சின்ன வயதில் உன் சிலேட்டை நான் திருத்தினேனே, அந்த மாதிரி.

பதில் கடிதம் போடாதே மணி. போன் பண்ணு.

அன்புடன்
நெடுமாறன்